இரண்டே இருக்கை

கோயம்புத்தூரில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் அதிகம். இங்கிலீஷ்காரன் செய்த திறந்த கார் உசத்தியா, ஜப்பான்காரன் செய்தது உசத்தியா என்று என்னை மடக்கிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை போன ஆள் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். ஆனால் பதில் சொல்லத் தொடங்கினால், கேட்டவர்கள் கொஞ்ச நேரத்தில் காரை மறந்துவிடுகிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். அவர்களுக்கு அது உச்சிக் கோடை. பழைய நூற்பு இயந்திரங்கள் விலைக்கு வருகின்றன, போய்ப் பார்த்துவிட்டு வா என்று எங்கள் மில் முதலாளி என்னை அனுப்பியிருந்தார். சிட்னியில் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. மீதி இயந்திரங்கள் மெல்பர்ன் பக்கம். ரயிலில் போவதாகத்தான் ஏற்பாடு. அதைக் கெடுத்தவன் குலசிங்கம்.

குலசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரன். மதராஸில் பொறியியல் படித்தபோது என் அறைத் தோழன். சிட்னியில் ஹோம்புஷ் என்ற இடத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தான். காற்று திரும்பினால் பக்கத்துக் கசாப்புக்கூடத்தின் வாடை ஜன்னல் வழியாக வந்துவிடும். சைவனான என்னை அந்த வாடைக்கு நடுவில் உட்காரவைத்து, தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும் பரிமாறினான். அவனுக்கு மெல்பர்னில், கிளேட்டன் என்ற பகுதியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருந்தது. மனைவி பவானி சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டாள். வீட்டில் மிச்சம் ஒரே ஒரு நாற்காலி, அவன் பேச்சில் கதிரை. அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவன் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றான்.

"ஐசே, ரயிலில போய் என்னத்தைக் காணப்போறீர்? கீழ ரெண்டு கார் நிக்குது. ஒண்டை நீர் ஓட்டும்."

கீழே போய்ப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒன்று, வெள்ளை நிறத்தில் ஒன்று. இரண்டும் என் இடுப்புக்குத்தான் வந்தன. இரண்டிலும் இரண்டே இருக்கை, கூரைக்குப் பதில் மடக்கி வைத்த துணி. பச்சை இங்கிலாந்தில் செய்தது, குலசிங்கத்தின் சொந்தக் கார். வெள்ளை ஜப்பானில் செய்தது. கிளேட்டனில் அவனோடு வேலை பார்க்கப்போகும் ஒரு வெள்ளைக்காரர் அதைச் சிட்னியில் வாங்கிவிட்டு, வரும்போது கொண்டு வந்துவிடு என்று சொல்லியிருந்தார்.

தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கிட்டே போனால் அப்படி இல்லை. பச்சையின் கதவைச் சாத்த ஒரு கைப்பக்குவம் வேண்டும். வெள்ளையின் கதவு விரல் பட்டால் சாத்திக்கொள்ளும். பச்சைக்கு அடியில் தரையில் எண்ணெய் வட்டம். வெள்ளைக்கு அடியில் ஒன்றுமில்லை. பச்சையில் சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் எங்கோ 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது பெட்ரோலை இழுத்து அனுப்பும் மின்சாரப் பம்பு. சத்தம் கேட்கவில்லையென்றால் குலசிங்கம் இறங்கி, ஷூவைக் கழற்றி, பின்னால் குனிந்து, குதிகாலால் ஒரு தட்டு தட்டுவான். கேட்கும்.

"இதுக்கு நீ ஒரு ஆம்பாசிடர் வாங்கியிருக்கலாம்டா" என்றேன்.

"உமக்கு விளங்காது. இது உயிருள்ள சாமான்."

முதல் நாள் பச்சை முன்னால், வெள்ளை பின்னால். எது நிற்குமோ அது முன்னால் போக வேண்டும் என்பது அவன் வைத்த சட்டம். அப்போதுதான் நின்றால் பின்னால் வருபவனுக்குத் தெரியும். அன்றைக்கே பல இடங்களில் நின்றது. வெள்ளைக்குள் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். அதன் கடிகாரம் ஓடியது, ரேடியோ பாடியது, நான்கு கியரும் வெண்ணெயில் கத்தி போல விழுந்தன. மறுநாள் மாற்றிக்கொண்டோம். பச்சையின் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகு அவன் சொன்னது கொஞ்சம் புரிந்தது. சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அது நம் உள்ளங்கையில் எழுதிக் காட்டும். பச்சை கையெழுத்து, வெள்ளை அச்செழுத்து என்று அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது பிடித்துப்போய், வழியெல்லாம் பெட்ரோல் போடுகிறவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான்.

சாப்பாடுதான் பெரும்பாடு. இறைச்சி வேண்டாம் என்றால் கடைக்காரப் பெண்கள் என்னை நோயாளியாக நினைத்தார்கள். போகிற ஊரிலெல்லாம் ரொட்டிக்கு நடுவில் டின்னில் அடைத்த பீட்ரூட்டை வைத்துக் கொடுத்தார்கள். என் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை படிந்து, அடுத்த ஊர்க் கடைக்காரி, "ஐயோ, அடிபட்டுவிட்டதா?" என்று பதறினாள். உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக இருந்தது. அதை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்பதை நான் தின்று முடித்த பிறகுதான் குலசிங்கம் சொன்னான்.

கடலோரமாகத் தெற்கே போகப் போக வெயிலின் நிறம் மாறியது. முதலில் நான் கவனிக்கவில்லை. மதியம் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. தாமிரத் தட்டு மாதிரி தொங்கியது. எங்கள் நிழல்கள் ஆரஞ்சு நிறத் தரையில் நீலமாக விழுந்தன. கூட்டம் கூட்டமாகக் கிளிகள் எங்களுக்கு எதிர்த்திசையில் பறந்தன. எப்போதும் கத்திக்கொண்டே பறக்கிற ஜாதி அது. அன்றைக்கு ஒன்றுகூடக் கத்தவில்லை.

பெட்ரோல் போடும் இடத்தில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "மேட்டில் இருக்கிறவரை பரவாயில்லை" என்றார் ஒருவர். "வடக்குக் காற்று எழுந்தால் இறங்கி வந்துவிடும்" என்றார் மற்றவர். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குலசிங்கத்தைக் கேட்டேன். "அங்க எங்கயோ காடு எரியுதாம். ஒவ்வொரு வருசமும் எரியிறதுதான்" என்றான். அவனும் பட்டணத்து ஆள்தான்.

மூன்றாம் நாள் காலை மறுபடி மாற்றிக்கொண்டு அவன் பச்சையில், நான் வெள்ளையில். சாலை காட்டுக்குள் நுழைந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது காடு நெருங்க நெருங்கக் குளிரும். இங்கே நெருங்க நெருங்கச் சுட்டது. கூரையில்லாத காரில் எதுவும் தப்பாது. தைல வாசனை மூக்கை அடைத்தது. காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வந்தது. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. மடியில் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓர் இலை, நரம்பு நரம்பாக முழு இலை, கரியில் செய்தது. தொட்டதும் பொடியாகிவிட்டது.

அப்படியே ஓர் ஊருக்குள் இறங்கினோம். சின்ன ஊர், ஒரே தெரு. உச்சிவேளை, ஆனால் விளக்கு வைக்கும் நேரத்து மங்கல். தெருவில் ஓர் ஆளும் இல்லை.

கடை திறந்திருந்தது. உள்ளே விசிறி சுழன்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த பண்டங்களில் இன்னும் சூடு இருந்தது. உள்ளறையில் ரேடியோ குதிரைப் பந்தயத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. குலசிங்கம் கூப்பிட்டுப் பார்த்தான், யாரும் வரவில்லை. வெளியே வந்து நின்றோம். அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சொட்டுச் சத்தம். எல்லா வீட்டுக் கூரை விளிம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை, தரை காய்ந்து வெடித்திருந்தது. தெரு முழுக்க, இரண்டு பக்கமும், கூரைகள் மட்டும் மழை பெய்து ஓய்ந்தது போலச் சொட்டின.

எல்லாக் கேட்டுகளும் திறந்திருந்தன. தெரு நடுவில் மூன்று நான்கு குதிரைகள் சேணமில்லாமல் நின்று எங்களைப் பார்த்தன.

"ஐசே, காரை நிப்பாட்டாதேயும். எஞ்சின் ஓடட்டும்" என்றான் குலசிங்கம். அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

தெருக்கோடியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அந்த அம்மாளைப் பார்த்தோம். எழுபது வயதிருக்கும். பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வெக்கையில் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு. தலையில் ஈரத் துண்டு. கையில் தோட்டத்துக் குழாய். தண்ணீர் அவர் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"தாமதமாக வந்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு கார்களைப் பார்த்தார். "இதுதான் ஆம்புலன்ஸா?"

ஆம்புலன்ஸ் இல்லை, வழிப்போக்கர்கள் என்று குலசிங்கம் சொன்னான். ஊர் எங்கே என்று கேட்டான். ஊர் முழுக்க ஏரிக்குப் போய்விட்டது என்றார். கூரையின் மழைநீர்க் குழாய்களை அடைத்து, பொறி விழுந்தால் அணையட்டும் என்று கூரை ஓரத்து வாய்க்கால்களில் தண்ணீரை நிரப்பிவிட்டு, மிருகங்களை அவிழ்த்துவிட்டு, எல்லோரும் போய்விட்டார்கள். தன் கணவர் ஆல்ஃப் படுத்த படுக்கை என்பதால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்களாம். அது வரவில்லை. அவர் பெயர் மிசஸ் டாய்ல். இவ்வளவையும் காய்கறிக்காரனிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் குன்றின்மேல் புகை கரும்பழுப்பாக எழுந்து எங்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு முழக்கம் கேட்டது. எங்கள் மில்லில் எல்லா இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தச் சத்தம்தான் வரும்.

"உங்களுக்கு ரெண்டு இடம் இருக்கு. வாங்க" என்று நான் என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எங்களுக்கு இரண்டு இடம்தான் வேண்டும்" என்றார்.

ஆல்ஃப் உள்ளறையில் ஈரக் கம்பளி போர்த்திக் கட்டிலில் கிடந்தார். நெட்டையான ஆள். உடம்பு வற்றிவிட்டாலும் எலும்பு கனம். "அவருக்கு முடியவில்லை. பேசமாட்டார்" என்றார் மிசஸ் டாய்ல். குலசிங்கம் தோள்பக்கம், நான் கால்பக்கம். கம்பளியோடு தூக்கிக்கொண்டு வந்தோம்.

வாசலில் அந்த அம்மாள் எங்களை நிறுத்தினார். "எது இங்கிலீஷ் கார்?"

குலசிங்கம் பச்சையைக் காட்டினான்.

"அவர் அதில் வரட்டும்."

பச்சையில் ஏற்றிப் பார்த்தோம். அதன் இருக்கையைப் பின்னால் தள்ள முடியவில்லை, துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. அவருடைய நீளக் கால்கள் உள்ளே மடங்கவே இல்லை. வெள்ளையில் இருக்கை சறுக்கிக்கொண்டு பின்னால் போனது. "வேண்டாம்" என்றார் மிசஸ் டாய்ல். "அதில் வேண்டாம். அது ஜப்பான் கார்தானே?"

"நல்ல கார், மேடம். என் காரைவிட நல்லது" என்றான் குலசிங்கம்.

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வேலியில் ஒரு பொறி விழுந்து, வேலி பிடித்துக்கொண்டது. அவர் வாயை மூடிக்கொண்டு, பச்சையில் ஏறி உட்கார்ந்தார்.

ஏரிக்கு வழி அவருக்குத்தான் தெரியும், அதனால் பச்சை முன்னால். காட்டுக்குள் போகும் மண்சாலை. இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டால் புகைதான் வெள்ளையாகத் தெரிந்தது. பச்சையின் இரண்டு சிவப்பு விளக்குகளைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பக்கத்தில் ஆல்ஃபின் தலை குலுங்கியது. பயத்தில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. முதலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். அது தீர்ந்ததும் தமிழுக்கு வந்துவிட்டேன். "கொஞ்சம் பொறுத்துக்குங்க, இதோ போயிரலாம். தலையைச் சாச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வளைவில் அவர் என் தோளில் சாய்ந்தார். சாயட்டும் என்று விட்டேன். மனுஷப் பாரம் பக்கத்தில் இருந்தது ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்த வளைவில் அவரை நிமிர்த்தி வைக்கத் திரும்பினேன். அவர் கண் பாதி திறந்திருந்தது. மேலேயிருந்து சாம்பல் துகள் ஒன்று மிதந்து வந்து அந்தக் கண்ணின் மேலேயே உட்கார்ந்தது. அவர் இமைக்கவில்லை.

நான் பேச்சை நிறுத்தினேன். காரை நிறுத்தவில்லை.

எவ்வளவு தூரம் அப்படிப் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. திடீரென்று எஞ்சின் இருமியது. இரண்டு தடவை துள்ளியது, நின்றுவிட்டது. சிட்னியிலிருந்து ஒரு தடவைகூடத் தகராறு செய்யாத கார். சாவியைத் திருப்பினேன், சுற்றியது, பிடிக்கவில்லை. பச்சையின் சிவப்பு விளக்குகள் புகைக்குள் சின்னதாகி இல்லாமல் போயின. ஹார்னை அழுத்தினேன். அந்த முழக்கத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

காட்டிலிருந்து ஒரு சின்ன கங்காரு வந்தது. என்னை இடித்துக்கொண்டு போவதுபோலப் பக்கத்தில் தாண்டிப் போனது. பின்னாலேயே ஒரு முயல். அவற்றுக்கு நான் ஒரு மரம். இறங்கி நின்றேன். ஓடிவிடலாம் என்று நினைத்தேன், மறைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் செத்துப்போனவர். அவருக்கு இனி என்ன வந்துவிடப்போகிறது? இரண்டு அடி வைத்தும்விட்டேன். திரும்பிப் பார்த்தேன். ஆல்ஃப் காரில் உட்கார்ந்து, தலை சாய்ந்து, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறெங்கும் பார்க்க முடியாத கண் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் அடுத்த அடி வைக்க முடியவில்லை.

திரும்பி வந்து பானெட்டைத் தூக்கினேன். என்ன நடந்தது என்பது புரிந்துதான் இருந்தது. வெள்ளையின் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியது. சூடு மிஞ்சினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்பு வெறும் காற்றை இழுக்கும். கோடையில் ஊட்டிப் பாதையின் பர்லியார் ஏற்றத்தில் நின்றுபோன கார்களுக்கு ஈரத்துணி சுற்றுவதைப் பலதடவை பார்த்திருக்கிறேன். ஈரத்துணிக்கு எங்கே போவது? இருந்தது ஒன்றுதான்.

"மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி ஆல்ஃபின் கம்பளியை உருவினேன். அடியில் கோடு போட்ட பைஜாமா. கம்பளியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். 'உஸ்' என்று ஆவி எழுந்தது. கை சுட்டது, விடவில்லை.

புகைக்குள்ளிருந்து ஒரு ஊளைச் சத்தம் நெருங்கியது. ரிவர்ஸ் கியரின் ஊளை. திரும்ப இடமில்லாமல் குலசிங்கம் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். மிசஸ் டாய்ல் இருக்கையில் எழுந்து நின்று பின்பக்கம் பார்த்து, "இடது, இன்னும் இடது" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஐசே, விட்டிட்டு ஏறும்! மூண்டு பேரும் நெருக்கிப் போவம்!" என்று குலசிங்கம் கத்தினான்.

தமிழில்தான் கத்தினான். மூன்று பேர் என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

மிசஸ் டாய்ல் இறங்கி வந்தார். கணவர் பைஜாமாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், பானெட்டுக்கு அடியில் கம்பளியைப் பார்த்தார். தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"ஒரே ஒரு தடவை பாக்கறேன்டா" என்று குலசிங்கத்திடம் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சுற்றியது, இருமியது, பிடித்துக்கொண்டது.

காட்டைவிட்டு வெளியே வந்தபோது எதிரே ஏரி. ஏரிக்குள் ஊர் நின்றுகொண்டிருந்தது. உண்மையாகவே நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில், தலையில் ஈரத் துண்டுகளோடு, பெண்கள், ஆண்கள், தோளில் குழந்தைகள், பக்கத்தில் நாய்கள், ஒரு பசு. எல்லோரும் நாங்கள் வந்த காட்டைப் பார்த்து நின்றார்கள். பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ சிவப்பு இருட்டில் அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. அவர்களுக்கு முன்னால் எங்கள் இரண்டு பொம்மைக் கார்கள் தண்ணீர்வரை ஓடிவந்து நின்றன. ஒன்றில் ஒரு நெட்டைக் கிழவர், பெண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு.

போலீஸ்காரர் ஒருவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆல்ஃபைக் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நான்கு பேர் சேர்ந்து அவரை ஒரு படகில் கிடத்தினார்கள். நாங்களும் தண்ணீரில் இறங்கி நின்றோம். என் பக்கத்தில் நின்ற குலசிங்கத்தைக் கேட்டேன், "உனக்கு எப்பத் தெரியும்?"

"கட்டில்ல இருந்து தூக்கேக்கயே தெரியும். சொல்லியிருந்தா நீர் ஏத்தியிருக்கமாட்டீர். அவ அவரை விட்டிட்டு வந்திருக்கமாட்டா."

சாயங்காலம் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசியது. முகத்தில் குளிர்ந்த காற்று பட்டதும்தான் தண்ணீரில் நின்ற ஜனங்கள் அழவும் சிரிக்கவும் தொடங்கினார்கள். தெருவில் பாதி தப்பியது. டாய்ல் வீடு தப்பவில்லை.

அன்று எல்லோரையும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மறுநாள் காலை புறப்படும் முன் மிசஸ் டாய்லிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று தேடினோம். வெளியே கார்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். யாரோ கொடுத்த பூப்போட்ட கவுன். இரண்டு கார் மேலும் சாம்பல் படிந்து, எது பச்சை எது வெள்ளை என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் எடுத்த எடுப்பில். "நேற்றுக் காலைத் தேநீரைப் பாதி குடித்தார். கோப்பையை வாங்கிவைத்துவிட்டுத் திரும்பினேன், போய்விட்டிருந்தார். உங்களிடம் சொன்னால் விட்டுவிட்டு வரச் சொல்வீர்கள். அதுதான் நியாயமும்கூட. என்னால் அவரை எரியவிட முடியாது."

பிறகு மற்றதைச் சொன்னார். ஆல்ஃப் போரில் ஜப்பானியர்களிடம் பிடிபட்டவர். சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தார்கள். திரும்பி வந்தபோது இந்த அம்மாளுக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு ஜப்பான் பொருள் வந்ததில்லை. மகன் வாங்கிவந்த சின்ன ரேடியோவைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"எங்கட சனமும் கனபேர் அந்தக் காட்டில செத்தது" என்று குலசிங்கம் என்னிடம் சொன்னான். மலாயாவில் கிளார்க்காக இருந்த அவன் பெரியப்பாவைக் கொண்டுபோனார்கள், வரவேயில்லை. கல்லூரியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. அதை ஆங்கிலத்தில் அந்த அம்மாளுக்கும் சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளைக் கார் ஒழுங்காக ஓடியதா?" என்று என்னைக் கேட்டார்.

"எப்போதும் ஒழுங்குதான். நேற்று மட்டும் ஒருமுறை நின்றுவிட்டது."

"அவர் ஏறியிருந்தபோது."

"ஆமாம். சூட்டினால், பெட்ரோல் ஆவியாகி..." என்று விளக்கத் தொடங்கினேன்.

"ஆல்ஃப்தான்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. குழாய் கசிகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். என் கம்பளிக் கோட்டைப் போர்த்திய பிறகுதானே கிளம்பியது?"

கிளம்பியது அதற்குப் பிறகுதான். ஈரக் கம்பளி பம்பைக் குளிரவைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் சாலை முழுக்க இருமிக்கொண்டு வந்த பச்சை, அந்தக் காட்டுக்குள் முன்னாலும் பின்னாலும் ஓடி, ஏன் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. அதன் பம்பு பின்பக்கம் இருந்தது, சூடு எட்டவில்லை என்று சொல்லலாம். அப்படித்தான் கோயம்புத்தூரில் சொல்லி வருகிறேன்.

மிசஸ் டாய்ல் வெள்ளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து, ஆல்ஃப் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். "தெருக்கோடிவரை போய்த் திரும்பலாமா?" என்று கேட்டார்.

ஓட்டினேன். காலைக் காற்று குளிராக இருந்தது. கரிந்த மரங்களில் ஓரிரண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தன. நான்கு கியரும் வழக்கம் போல விழுந்தன. தெருக்கோடியில் திரும்பினேன்.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியதும் அவர் உடனே இறங்கவில்லை. யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மிகவும் தணிந்த குரலில், "நல்ல கார்தான்" என்றார்.